பேரு பள்ளிக்கூடத்துல, பையன் வீட்டுல

ஏனுங் மாப்ள, வீட்டுலயே பள்ளிக்கூடம் தொறந்துட்டீங்கன்னு எருமப்பட்டி பஸ் ஸ்டாண்டு டீக்கடை வரைக்கும் பேச்சாக் கெடக்குது. எச்.எம். யாருங்க, நீங்களா, எங்க அம்மிணியா? பெல் அடிக்க ஆள் வேணும்னா சொல்லியுடுங்க, நான் சும்மாத்தான் உக்காந்திருக்கறேன். யூனிபாரம் என்ன கலரு? பேரண்ட்ஸ் மீட்டிங் வெச்சா யாரு யாரத் திட்டுவீங்க?

மொறைக்காத கண்ணு. வெசனத்தோட வந்திருக்கறப்ப கெழவன் எகத்தாளம் பேசறானேன்னு உனக்குக் கோவம் வர்றது தெரியுது. தாலுக்கா ஆபீசு வாசல்ல மடக்கு மேசையப் போட்டு மனு எழுதியே காலத்த ஓட்டுன ஆளு உன்ற மாமன். அழுதுட்டு வர்றவங்க பாதி விசயத்த முழுங்கிருவாங்க. சித்த கோவம் வந்தாத்தான் மிச்சம் வெளிய வரும். வந்ததுலருந்து வாயே தொறக்காத மாப்ள, "நாங்க என்ன ஆசைப்பட்டா மாமா இப்படிப் பண்றோம்"னு கேட்டாரு பாரு, அந்த வார்த்தைக்குத்தான் காத்திருந்தேன்.

மொதல்ல நீங்க கேட்டதுக்குப் பதிலச் சொல்லிர்றேன். ஆட்டிசம் இருக்கற ஒம்பது வயசுப் பையன வீட்டுல வெச்சே படிக்க வெக்க எந்த ஆபீசுல பர்மிசன் வாங்கோணும்? எந்த ஆபீசுலயும் வேண்டாம். வாங்கலாம்னு போனாலும் குடுக்க ஆளில்ல. அதுக்குப் பாரமே கெடையாது. கோழிப்பண்ணை ஈத்தொல்லைக்கு மனு எழுதியிருக்கறேன். வண்டித் தடத்த மறிச்சு வேலி போட்டதுக்கு எழுதியிருக்கறேன். பென்சன் நின்னுபோன ஒருத்தருக்கு, "நான் இன்னும் சாகவில்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்"னு எழுதியிருக்கறேன். என்ற புள்ளைக்கு நானே பாடம் சொல்லிக் குடுக்க அனுமதி வேணும்னு மட்டும் ஒருத்தருக்கும் எழுதுனதில்ல. எழுதிக் குடுத்தா, எந்த ஃபைல்ல போடறதுன்னு தெரியாம கிளார்க்கு அத மேசைக்கடியில விட்டிருவாரு.

சட்டம் என்ன சொல்லுதுன்னா, 2009ல இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம்னு ஒண்ணு போட்டாங்க. அமலுக்கு வந்தது 2010 ஏப்ரல் 1. ஏப்ரல் ஒண்ணான்னு சிரிக்காதீங்க மாப்ள, நெசந்தான். ஆறு வயசுலருந்து பதினாலு வரைக்கும் எல்லாப் புள்ளைங்களுக்கும் பக்கத்துப் பள்ளிக்கூடத்துல படிக்க உரிமை. அதுல 10ஆம் பிரிவு பெத்தவங்க பக்கம் திரும்பி, புள்ளையக் கொண்டுபோய்ச் சேக்கறது உங்க கடமைன்னு சொல்லுது. சேக்காட்டி? ஒண்ணுமில்ல. பெத்தவங்களுக்கு அபராதமும் கெடையாது, செயிலும் கெடையாது. கட்டாயம்னா யாருக்குக் கட்டாயம்னு அந்தச் சட்டமே வெளக்கம் சொல்லுது: அரசாங்கத்துக்கு. பள்ளிக்கூடம் குடுக்கறது, புள்ளையச் சேக்கறது, வர வெக்கறது, எட்டாவது முடிக்க வெக்கறது எல்லாம் அவங்க தலையில. இத யாரும் நமக்குச் சொல்றதில்ல. கட்டாயம்ங்கற வார்த்தையக் கேட்டதுமே நாமதான் குனிஞ்சுக்கறோம்.

அரசியல் சட்டத்துல இன்னும் நயமா இருக்குது. 2002ல 86ஆவது திருத்தம் வந்தப்ப, பெத்தவங்களோட அடிப்படைக் கடமையா ஒண்ணச் சேத்தாங்க. புள்ளைக்குக் கல்வி கெடைக்கற வாய்ப்ப ஏற்படுத்திக் குடுக்கோணும், அவ்வளவுதான். பள்ளிக்கூடம்னே அதுல இல்ல.

ஒரு எடத்துல மட்டும் சாக்கிரதையா இருங்க. அங்கீகாரம் இல்லாம பள்ளிக்கூடம் நடத்துனா 18ஆம் பிரிவுல ஒரு லட்சம் வரைக்கும் அபராதம். நிறுத்துங்கன்னு சொன்னதுக்கப்புறமும் நடத்துனா நாளொண்ணுக்கு 10,000 வரைக்கும். உங்க பையனுக்கு உங்க தாவாரத்துல நீங்க சொல்லிக் குடுத்தா அது குடும்பம். அக்கட்டால வீட்டுப் புள்ளைங்க நாலு பேரக் கூட்டி வெச்சு, பீசு வாங்கி, வாசல்ல அம்மிணி பேருல போர்டு மாட்டுனீங்கன்னா அது பள்ளிக்கூடம். போர்டுக்கு டிசைன் பாத்து வெச்சிருக்கறதா உன்ற கொழுந்தன் சொன்னான். அத அப்படியே போன்லயே வெச்சுக்கச் சொல்லு.

டில்லி ஐகோர்ட்டுலயும் இந்த விசயம் அடிபட்டுச்சு. வீட்டுல படிச்ச புள்ளை ஒருத்தி, இந்தச் சட்டத்தால எனக்கு எடைஞ்சல்னு வழக்குப் போட்டா. 2012ல மத்திய அரசு என்ன சொல்லுச்சு? வீட்டுல படிக்க வெக்கறவங்க தாராளமா வெக்கலாம், சட்டம் குறுக்க வராதுன்னு பிரமாணப் பத்திரம் குடுத்துச்சு. அப்புறம் அதுவே பேச்ச மாத்திக்கிச்சு. நம்மூரு பஞ்சாயத்துல ராத்திரி ஒண்ணு காலைல ஒண்ணு பேசுனா சட்டையப் புடிப்போம். டில்லியில அதுக்குப் பேரு நிலைப்பாடு. ஜெர்மனியில இந்தச் சோலியே வேண்டாம், புள்ளைய வீட்டுல நிறுத்துனா அபராதம்தான். ஒரு குடும்பம் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரைக்கும் போயி 2006ல தோத்துட்டுத் திரும்புச்சு. இங்கிலாந்துல வீட்டுல படிக்க வெக்கலாம்னு 1996 சட்டத்துலயே எடம் இருக்குது. ஆனா கவுன்சில் ஏற்பாட்டுல சிறப்புப் பள்ளிக்கூடத்துல சேந்த புள்ளைன்னா, கவுன்சில் சம்மதம் இல்லாம பேர எடுக்க முடியாது. நம்ம நாட்டுல ஆமான்னும் சொல்லல, இல்லைன்னும் சொல்லல. நம்ம சனத்துக்கு அது போதும், பொழச்சுக்குவாங்க.

அப்ப நிம்மதிதானேன்னு எந்திரிக்காதீங்க மாப்ள, உக்காருங்க. இனிமேத்தான் விசயமே இருக்குது.

உங்களுக்கு இந்த யோசன எங்கிருந்து வந்துச்சு? நீங்களா யோசிச்சீங்களா, இல்ல பையன் படிச்ச ஸ்கூலோட கரஸ்பாண்டென்ட்டு யோசிக்க வெச்சாரா? அன்னைக்கி அவரு எப்படிப் பேசுனாருன்னு நீ சொன்னப்பவே எனக்குப் புரிஞ்சு போச்சு கண்ணு. காப்பி குடுத்திருக்கறாரு. பையன் தலையத் தடவியிருக்கறாரு. "இவன் ரொம்ப ஸ்பெஷல் சைல்டு மேடம், எங்க சத்தத்துல அவன் கஷ்டப்படறதப் பாக்க எங்களுக்கே மனசு தாங்கல, உங்க அரவணைப்புல வீட்டுல இருந்தா நல்லா வருவான், இப்ப ஹோம் ஸ்கூலிங்தான் ட்ரெண்டு"ன்னிருக்கறாரு. நீயும் கண்ணத் தொடச்சுக்கிட்டுக் கையெழுத்துப் போடப் போனே. டி.சி.யில என்ன எழுதுவாங்க தெரியுமா? "பெற்றோர் விருப்பத்தின் பேரில்". அந்த மூணு வார்த்தைக்குத்தான் அந்தக் காப்பி.

ஏன்னா அவரா வெளியேத்த முடியாது. எட்டாவது முடியற வரைக்கும் எந்தப் புள்ளையவும் பள்ளிக்கூடத்துலருந்து நீக்கக் கூடாதுன்னு 16ஆம் பிரிவு கையக் கட்டிப் போட்டிருக்குது. 17ஆம் பிரிவு அடிக்கவும் கூடாதுங்குது, மனசு நோகடிக்கவும் கூடாதுங்குது. சேக்கறதுக்கு முன்னால புள்ளையவோ பெத்தவங்களையோ சோதிச்சு வடிகட்டுனா 13ஆம் பிரிவுல மொத தடவைக்கு 25,000 வரைக்கும் அபராதம், அப்புறம் ஒவ்வொரு தடவைக்கும் 50,000 வரைக்கும். சிறுபான்மையினர் நடத்தற பள்ளிக்கூடங்களுக்கு இந்தச் சட்டம் செல்லாதுன்னு 2014ல சுப்ரீம் கோர்ட்டு சொல்லிருச்சு. உங்க ஆளு அதுல வர மாட்டாரு. அதுக்கு மேல 2016ல மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்துச்சு. பாகுபாடு பாக்காம சேக்கோணும், புள்ளைக்குத் தக்க வசதி பண்ணிக் குடுக்கோணும்னு அது எழுதியே வெச்சிருக்குது. இத்தனையும் தெரிஞ்ச மனுசன் எதுக்கு வம்புன்னு உங்க பாசத்தையே எடுத்து உங்க கையில குடுத்து அனுப்பிட்டாரு. நீங்களும் அத ஹோம் ஸ்கூலிங்னு நெனச்சு வீட்டுக்குக் கொண்டாந்துட்டீங்க.

ஒரு வெளையாட்டு சொல்றேன், நாளைக்கே பண்ணிப் பாருங்க. அவருகிட்டப் போயி, "சார், நீங்க சொன்னது ரொம்பச் சரி, அதையே லெட்டர்பேடுல எழுதி ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க"ன்னு கேளுங்க. பேனாவத் தேடுவாரு, கெடைக்காது. சட்டைப் பையிலயே இருக்கும், இருந்தாலும் கெடைக்காது.

இப்ப 2012க்கு வாங்க. அந்த வருசம் கல்வி உரிமைச் சட்டத்தத் திருத்துனாங்க. பல வகைக் குறைபாடு ஒண்ணாச் சேந்த புள்ளைங்களும், கடும் பாதிப்பு இருக்கற புள்ளைங்களும் வீட்டுல இருந்தே படிக்கறத தேர்ந்தெடுக்கலாம்னு ஒரு வரி சேத்தாங்க. நம்ம நாட்டுச் சட்டத்துல வீட்டுல படிக்கறதுக்குத் தெளிவா எடம் குடுத்தது அந்த ஒரு வரிதான், அதுவும் இந்தப் புள்ளைங்களுக்குத்தான். கவனிச்சுக்குங்க, தேர்ந்தெடுக்கற உரிமை புள்ளை பக்கம். அனுப்பி வெக்கற உரிமைன்னு கரஸ்பாண்டென்ட்டுக்கு ஒண்ணும் எழுதல. அப்படித் தேர்ந்தெடுத்தா, படிப்பு வீட்டுக்கு வரோணும், டீச்சர் வரோணும். வீட்டுல கெடக்கட்டும்னு அர்த்தமில்ல.

கடும் பாதிப்புன்னா எவ்வளவு? அதுக்கு 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டத்தப் பாக்கச் சொல்றாங்க, அங்க 80 சதவீதம். 2016 சட்டத்துல எதக் கேட்டாலும் 40 சதவீதம் போதும். ஆறு வயசுலருந்து பதினெட்டு வரைக்கும் பக்கத்துப் பள்ளிக்கூடமோ சிறப்புப் பள்ளிக்கூடமோ, புள்ளைக்கு எது வேணுமோ அதுல காசில்லாமப் படிக்கலாம். நம்ம தமிழ்நாட்டுல மாசம் 2,000 பராமரிப்பு உதவித்தொகைக்கு, அறிவுசார் குறைபாடுன்னா 40, மத்தக் கடும் பாதிப்புன்னா 75. காலைல நாமக்கல்லுல அறிவிக்கற முட்டை வெலையாட்டம் எந்த வாசல்ல நிக்கறோம்ங்கறதப் பொறுத்து ஒரே புள்ளைக்கு இந்தச் சதவீதம் ஏறி எறங்குது. உங்க பையனுக்கு மெடிக்கல் போர்டுல 65 போட்டிருக்கறாங்க. 80க்குப் பதினஞ்சு கொறையுது, அதனால வீட்டுவழிக் கல்வி உரிமைன்னு சட்டத்தக் காட்டி மேசையத் தட்ட முடியாது. அதுக்காக, "டாக்டர், இன்னும் பதினஞ்சு போட்டுக் குடுங்க"ன்னு கெஞ்சிட்டு நிக்காதீங்க. அப்படி நின்னவங்கள நான் பாத்திருக்கறேன். புள்ளை தானாச் சட்டை பட்டன் போட்டுட்டான்னு தெரிஞ்சா மார்க்கு கொறஞ்சிரும்னு, போர்டு முன்னால போறதுக்கு முந்தி பட்டனக் கழட்டி விட்டாங்க. தப்பு சொல்ல மாட்டேன். ஆனா அந்தப் பையன் திரும்பத் திரும்ப பட்டன மாட்டிக்கிட்டே இருந்தான், அம்மாளுக்குத்தான் மூஞ்சி சுருங்கிப் போச்சு.

65க்கு என்ன வழி? சட்டத்துல மூடுன கதவு திட்டத்துல தொறந்திருக்குது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்துல, நம்ம சனம் இன்னும் எஸ்.எஸ்.ஏ.ன்னு சொல்லுதே, அதுலதான், உள்ளடக்கிய கல்வின்னு ஒரு பிரிவு இருக்குது. பள்ளிக்கூடத்துக்கு வர முடியாத புள்ளைங்கள வட்டார வள மையத்துலருந்து ஆளுங்க வந்து பாத்து, வீட்டுல பயிற்சி குடுக்கலாமான்னு முடிவு பண்ணுவாங்க. ஒன்றியத்துக்கு ஒரு வள மையம். எருமப்பட்டியும் ஒன்றியந்தான், அதுக்காக நாமக்கல்லுக்குப் பஸ் ஏற வேண்டாம். ஸ்பெஷல் டீச்சர் வருவாங்க, தேவைன்னா பிசியோதெரபி டாக்டரு வருவாரு. ஆனா இதுக்கெல்லாம் மொதல்ல என்ன வேணும்? புள்ளை பேரு ஒரு பள்ளிக்கூடத்துப் பதிவேட்டுல இருக்கோணும், கல்வித்துறை கம்ப்யூட்டர் பதிவுல எமிஸ் நம்பரு இருக்கோணும்.

அதத்தான் சொல்ல வர்றேன் கண்ணு. நீ டி.சி.ய வாங்கிப் பீரோவுல வெச்சுப் பூட்டிட்டா, அன்னையிலருந்து அரசாங்கத்துக்கு உன்ற பையன் இல்லவே இல்ல. பள்ளி செல்லாக் குழந்தைன்னு ஒரு கணக்குல வேணும்னா வருவான். மாசாமாசம் டீச்சர் வரோணும்னு கேக்க உனக்கு எடமில்ல, உதவித்தொகைக்குப் போனா படிக்கறானான்னு கேப்பாங்க, பரிட்சைன்னு வந்தா எங்கிருந்து வர்றான்னு கேப்பாங்க. அந்த கரஸ்பாண்டென்ட்டு ஸ்கூலுல வாங்கற டி.சி.ய நேராக் கொண்டுபோயி, நடந்து போற தூரத்துல இருக்கற அரசுப் பள்ளிக்கூடத்துல குடு. வயசுக்கேத்த வகுப்புல சேத்தாகோணும், வருசத்துல எந்த மாசம் போனாலும் சேத்துக்கோணும், பொறந்த தேதிச் சான்று இல்லைன்னாலும் திருப்பி அனுப்பக் கூடாது. பேர எழுதிட்டு, அப்புறம் பையன வீட்டுலயே வெச்சுப் பாடம் சொல்லிக் குடு, ராசாவாட்டம்! பேரு பள்ளிக்கூடத்துல இருக்கட்டும், பையன் வீட்டுல இருக்கட்டும்.

"மாமா, கவர்மெண்ட் ஸ்கூலா"ன்னு மாப்ள மூஞ்சி போற போக்கப் பாரு. ஏனுங், மாசம் எவ்வளவு பீசு கட்டுனீங்க அந்த ஏ.சி. பஸ் விடற ஸ்கூலுக்கு? பையன எங்க உக்கார வெச்சாங்க? கடைசி பெஞ்சுக்கும் பின்னால, ஆயாம்மா பக்கத்துல. அதையே அரசுப் பள்ளிக்கூடத்துல சும்மாவே உக்கார வெப்பாங்க. சிரிங்க மாப்ள, நல்லதுக்குத்தான் சொல்றேன்.

ஸ்பெஷல் டீச்சர் வர்றதுலயும் சித்த விவரமா இருக்கோணும். அந்தப் புள்ளை ஒரு ஸ்கூட்டியில அலங்காநத்தம், பவித்திரம், கொல்லிமலை அடிவாரம்னு சுத்தி வருது. 2021ல சுப்ரீம் கோர்ட்டு கேட்டு, அடுத்த வருசம் மத்திய அரசு கணக்கு வெச்சுது: அஞ்சாவது வரைக்கும் பத்துப் புள்ளைக்கு ஒரு சிறப்பாசிரியர், எட்டாவது வரைக்கும் பதினஞ்சுக்கு ஒருத்தர். கணக்கு காயிதத்துல இருக்குது, ஸ்கூட்டி ரோட்டுல இருக்குது. இதுக்கு நடுவுல டில்லிக்கும் சென்னைக்கும் சண்டை வந்து, இந்தத் திட்டத்துக்கு 2024-25ல வர வேண்டிய 2,152 கோடிய டில்லி புடிச்சு வெச்சுக்கிச்சு. இவங்க சண்டையில கையப் பெசையறது சம்பளத்த எதிர்பாத்து ஸ்கூட்டியில சுத்தற அந்தப் புள்ளைதான். அதனால அது வர்ற நாளுல மோரும் முறுக்கும் குடுத்து ஊர்க்கதை பேசி அனுப்பிராத அம்மிணி. கூட உக்காரு. அது என்ன பண்ணுதுன்னு பாத்துக்க. மிச்ச நாளெல்லாம் நீதான் பண்ணப் போறே. பையனுக்குன்னு தனியா ஒரு கல்வித் திட்டம் எழுதோணும். எழுதச் சொல்லு, அத உனக்குப் படிச்சுக் காட்டச் சொல்லு, வந்துட்டுப் போன தேதியப் பதிவேட்டுல போடச் சொல்லு. கேட்டா கோவிச்சுக்க மாட்டாங்க. யாரும் கேக்கறதில்லைங்கறதுதான் அவங்களுக்கே கொறை.

அப்புறம் இந்த ஆன்லைன்ல வாங்கிக் குமிச்சு வெச்சிருக்கறீங்களே, மரத்துல செஞ்ச வளையம், கலர் கலரா அட்டை, "சென்சரி சேண்டு"ன்னு டப்பாவுல மண்ணு. மண்ணு மாப்ள! எருமப்பட்டியில குடியிருந்துக்கிட்டு மண்ண கூரியர்ல வர வெச்ச மொத ஆளு நீங்கதான். உங்க அப்பாரு இருந்திருந்தா அந்த டப்பாவ வெச்சே உங்கள அடிச்சிருப்பாரு.

பையன் என்ன பண்றான்னு நான் பாத்தேன், நீங்க பாத்தீங்களா? போன வாரம் உங்க பண்ணைக்கு வந்தப்ப முட்டை ரூம்புல தனியா உக்காந்திருந்தான். காலி அட்டை ஒண்ண எடுத்து வெச்சு முட்டைய அடுக்கறான். வரிசைக்கு ஆறு, அஞ்சு வரிசை, முப்பது. ஒவ்வொண்ணையும் கூர்முனை கீழ வர்ற மாதிரித் திருப்பித்தான் வெக்கறான். அது வேலையாளுங்களுக்கே பாதி நேரம் மறந்து போகுது. நடுவுல ரெண்டு முட்டைய எடுத்து, காதுகிட்டக் கொண்டுபோயி ஒண்ணோட ஒண்ணு மெதுவாத் தட்டறான். டிக்னு கேட்டா அட்டையில வெக்கறான். ஒண்ணு மட்டும் தொப்புன்னு கேட்டுச்சாட்ட இருக்குது, அத எடுத்துத் தனியா வெச்சான். நான் எடுத்து வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாக்கறேன், கண்ணுக்கு ஒண்ணும் தெரியல. நகத்த வெச்சுத் தடவுனதுக்கப்புறந்தான் மயிரிழை விரிசல் தட்டுப்படுது. பள்ளிக்கூடத்துப் பெல்லுக்குக் காதப் பொத்திக்கிட்டு அலறுனான்னு சொன்னாங்களே, அந்தக் காதுதான் இது. உன்ற கொழுந்தன் அப்ப வந்து, "டேய், ஒடச்சிராதடா"ன்னு கத்துனான்; பையன் எந்திரிச்சு ஓடிட்டான். இருபத்தெட்டு அடுக்கியிருந்தான், ரெண்டு குழி காலியாக் கெடந்துச்சு. சாயங்காலம் போயிப் பாத்தா அந்த ரெண்டும் நெறைஞ்சிருக்குது.

இதச் சொல்லு ஸ்பெஷல் டீச்சருகிட்ட. ஆறஞ்சு முப்பது அவனுக்கு வாயில வராது, கையில வருது. அதத் திட்டத்துல எழுதுவாங்க. அட்டையில பத்துப் பத்தா எடுக்கச் சொல்லலாம், காலிக் குழிய எண்ணச் சொல்லலாம், ஒரு அட்டை வெலை போட்டு நோட்டு சில்லறை பழக்கலாம். உங்க சென்சரி டப்பாவ அக்கட்டால தூக்கி வெய்யுங்க, பூனை பொழங்கட்டும்.

பரிட்சையப் பத்தி மாப்ள கேட்டாரு. அதுக்கு அவசரமில்ல, ஆனா வழி தெரிஞ்சிருக்கோணும். என்.ஐ.ஓ.எஸ்.னு தேசிய திறந்தநிலைப் பள்ளி இருக்குது. சின்னப் புள்ளைங்களுக்கு மூணு படி வெச்சிருக்கறாங்க. மூணாவது, அஞ்சாவது, எட்டாவதுக்குச் சமம். பத்தாவதுக்குப் பதினாலு வயசு ஆயிருந்தாப் போதும், தமிழ்லயே எழுதலாம், ஒரே மூச்சுல எழுத வேண்டாம், அஞ்சு வருசத்துக்குள்ள ஒவ்வொரு பாடமா முடிக்கலாம். நம்ம மாநிலத் தேர்வுத்துறையிலயும் எட்டாவது தனித்தேர்வு இருக்குது, பன்னண்டரை வயசு முடிஞ்சிருந்தா எழுதலாம். பள்ளிக்கூடத்துலயே பேரு இருந்தா இன்னும் சௌகரியம்: சொல்லச் சொல்ல எழுத ஆளு, கூடுதல் நேரம், ஒரு மொழிப்பாடத்துக்கு விலக்கு, இதெல்லாம் முன்கூட்டியே எழுதிக் கேட்டா உண்டு. பரிட்சைக்கு மொத நாளு போயி நின்னா கெடையாது. அவனுக்குப் பரிட்சையே ஒத்து வரலைன்னாலும் எனக்கொண்ணும் வெசனமில்ல. காயிதம் இல்லாததால முடியலைன்னு இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

யூ.டி.ஐ.டி.ங்கற மாற்றுத்திறனாளி அட்டை எடுத்தாச்சா? எடுத்ததச் சுவத்துல மாட்டி வெக்காம நாமக்கல் கலெக்டர் ஆபீசுல மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல காட்டி, உதவித்தொகைக்கு எழுதிப் போடுங்க. எந்த வகையில வரும்னு அவங்களே சொல்லட்டும். ஆட்டிசத்துக்கு நிராமயான்னு ஒரு மருத்துவக் காப்பீடும் இருக்குது, வருசம் ஒரு லட்சம் வரைக்கும். "நமக்கெதுக்கு மாமா, இல்லாதவங்க வாங்கட்டும்"னு பெரிய மனசக் காட்டாதீங்க. உரத்துக்கு மானியம் வாங்கறப்ப அந்த மனசு எங்க போச்சுன்னு எனக்குத் தெரியும். பதினெட்டு வயசு ஆனதும் காப்பாளர் உத்தரவு ஒண்ணு வாங்கோணும், கலெக்டர் தலைமையில இருக்கற கமிட்டிதான் குடுக்கும். அது அப்பப் பாத்துக்கலாம், நான் இருந்தா நான் எழுதறேன்.

இன்னொண்ணு. மாப்ள, சித்த இங்க பாருங்க. வீட்டுல பாடம் சொல்லித் தர்றது யாருங்க? கம்பெனி வேலைய விட்டுட்டு வந்து உக்காந்திருக்கறது யாரு? ராத்திரி தூங்காதவனோட முழிச்சிருக்கறது யாரு? நீங்க ஸ்டேட்டஸ்ல போட்டோ போடறீங்க, "எங்கள் ஹோம் ஸ்கூல்"னு. எங்க அம்மிணி தலை சீவி எத்தன நாளாச்சுன்னு அந்தப் போட்டோவுலயே தெரியுது. நான் படிச்சுக் காட்டுன 10ஆம் பிரிவுல பெற்றோர் அல்லது பாதுகாவலர் கடமைன்னு இருக்குது. தாய் மட்டும்னு எந்தப் பிரிவுலயும் இல்ல, வேணும்னா இன்னொருக்கா பாத்துச் சொல்றேன். தீவனம் எறக்கற நேரம் போக மிச்ச நேரம் ஒரு பாடம் உங்க பீரியடு. முட்டை அட்டை உங்க பாடம், அது உங்களுக்கும் தெரியும்.

அம்மிணி, நீயும் கேளு. பையன முழுசா வீட்டுலயே பூட்டிராத. பேரு இருக்கற பள்ளிக்கூடத்துக்கு அவன் எப்ப வேணும்னாலும் போலாம், யாரும் தடுக்க முடியாது. 2022லருந்து காலைச் சாப்பாடு போடறாங்க, அடுத்த வருசத்துலருந்து அரசு தொடக்கப் பள்ளிக்கூடம் எல்லாத்துக்கும் வந்துருச்சு. வாரத்துல ஒரு நாளோ ரெண்டு நாளோ காலைல மட்டும் கூட்டிட்டுப் போ. பெல்லு அடிக்கறதுக்கு முன்னாலயே போயிரு. வரிசையில தட்டோட நிக்கட்டும், பொங்கலத் திங்கட்டும், தட்டக் கழுவட்டும், பெல்லுச் சத்தத்துக்கு முந்தித் திரும்பிருங்க. அந்தப் புள்ளைங்க மொத நாளு பாப்பாங்க, ரெண்டாம் நாளு கேப்பாங்க, மூணாம் நாளு கையப் புடிச்சு வரிசையில இழுத்து விட்டிருவாங்க. பெரியவங்கதான் வருசக்கணக்குல பாத்துக்கிட்டே இருப்பாங்க.

சரி, பேனாவ எடுங்க மாப்ள. உங்க கையெழுத்து கோழி சீச்ச மாதிரி இருக்கும், அம்மிணியே எழுதட்டும். பெறுநர்: தலைமை ஆசிரியர். பேரு போட வேண்டாம், பதவி போதும். பொருள்: மகனை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்தல், எமிஸ் பதிவு, உள்ளடக்கிய கல்வித் திட்டத்தில் வீட்டுவழிப் பயிற்சி கோருதல். கீழ விசயம் எட்டு வரிக்கு மேல வேண்டாம். அழுகை வேண்டாம், "கருணை கூர்ந்து" வேண்டாம். "சேர்த்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்"னு முடி. நகல்: வட்டார வள மைய மேற்பார்வையாளர். இணைப்புல டி.சி., ஆதார், மாற்றுத்திறனாளி அட்டை நகல். ரெண்டு காப்பி எடுங்க. ஒண்ணக் குடுத்துட்டு இன்னொண்ணுல தேதியோட சீல் வாங்காம வாசல்படி எறங்காதீங்க. "வெச்சுட்டுப் போங்க, பாக்கறோம்"னா, "நாங்க ஒக்காந்திருக்கறோம் சார், நீங்க சாவகாசமா சீல் வெய்யுங்க"ன்னு சொல்லி ஒக்காந்துக்கங்க. பதில் வரலைன்னா திங்கக்கெழம கலெக்டர் ஆபீசு குறைதீர் நாளு இருக்கவே இருக்குது, அதுக்கு நான் தனியா எழுதித் தர்றேன்.

கையெழுத்து ரெண்டு பேரும் போடுங்க. மாப்ள, மொதல்ல நீங்க.

நாளைக்குப் பத்தரை மணிக்கு மேல போங்க. பிரேயர் நேரத்துல போயி கேட்டுல நின்னுக்கிட்டு, யாருமே கண்டுக்கல மாமான்னு போன் பண்ணாதீங்க.